நீல லைட்டும் பவளத்தின் குடித்தனக்காரரும்

சிங்கப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மூன்றடித் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசையாம். கடைக்காரர் 20,000 கெல்வின் லைட்தான் வேண்டும் என்கிறார், ஆனால் அதைப் போட்டால் வீடே நீலமாகத் தெரிகிறது, வெள்ளை லைட் போட்டால் வளராதா?

வளரும். ஆனால் கடைக்காரர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

முதலில், அந்த வெளிச்சம் பவளத்துக்கே இல்லை. பவளம் ஒரு விலங்கு, ஜெல்லி மீனுக்குத் தூரத்துச் சொந்தம். அதன் செல்களுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடித்தனம் இருக்கிறது. வெளிச்சத்தை வைத்துச் சர்க்கரை தயாரிப்பது அதுதான், அதில் பெரும்பங்கை வாடகையாகக் கொடுத்துவிடும். நல்ல வெளிச்சத்தில் பவளத்துக்கு வேண்டிய ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்குவரை இந்த வாடகையிலேயே ஓடும். ஆக, நீங்கள் லைட் வாங்கப்போவது குடித்தனக்காரருக்கு.

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சும் என்று பள்ளியிலேயே படித்திருப்போம். கடல்நீர் சிவப்பைச் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும், பத்து மீட்டருக்குக் கீழே மிஞ்சுவது பெரும்பாலும் நீலமும் நீலப்பச்சையும். அதனால் இந்தப் பாசி குளோரோபில் சி, பெரிடினின் என்று கூடுதல் நிறமிகளை வைத்துக்கொண்டு 450 முதல் 550 நானோமீட்டர் வரை கிடைப்பதை அள்ளிக்கொள்கிறது. கடைக்காரரின் பாதி நியாயம் இதுதான். வெள்ளை எல்இடியிலும் நீலம் தாராளமாக உண்டு என்பது மீதிப் பாதி.

அப்படியானால் ஏன் எல்லோரும் நீலத்துக்கே அலைகிறார்கள்? பவளம் மினுங்குவதைப் பார்க்கத்தான். எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

ரோஜா சிவப்பாகத் தெரிவது சிவப்பைத் திருப்பி அனுப்புவதால். பல பவளங்களின் பச்சையும் ஆரஞ்சும் அப்படி வருவதில்லை, அந்த நிறத்தை அவையே தயாரிக்கின்றன. அவற்றின் சதையில் இருக்கும் ஒரு புரதம் நீல ஒளித்துகளை வாங்கி, ஒரு சில நானோவிநாடிகள் கையில் வைத்திருந்து, கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொண்டு, ஆற்றல் குறைந்த பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பித் தருகிறது. கமிஷன் வெப்பமாகப் போய்விடும். நம் கண்ணுக்கு நீலம் மங்கல், பச்சை பளிச். ஆகவே நீல லைட்டில் தொட்டி இருட்டாகவும் பவளம் மட்டும் கரி அடுப்புக் கங்கு மாதிரியும் தெரிகிறது. செல்போன் கேமரா முன்னால் மஞ்சள் ஜெலட்டின் தாளைப் பிடித்துப் பாருங்கள், நீலம் மறைந்து கங்கு மட்டும் நிற்கும்.

அந்தப் புரதத்தின் உள்ளமைப்பு இன்னும் அழகு. பதினொரு இழைகள் சேர்ந்து ஒரு பீப்பாய், பீப்பாய்க்கு நடுவில் ஒளிரும் முடிச்சு. அந்த முடிச்சைப் போட வேறு நொதி எதுவும் வருவதில்லை. இந்தக் குடும்பத்தில் முதலில் கிடைத்த ஜெல்லி மீனின் பச்சைப் புரதத்தில் 238 அமினோ அமிலங்கள், அதில் 65, 66, 67ஆவது மூன்றும் தாங்களாகவே வளைந்து ஒட்டிக்கொள்கின்றன, வெளியிலிருந்து வேண்டியது ஆக்சிஜன் மட்டும். 1961இல் ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பரில் பத்தாயிரம் ஜெல்லி மீன்களைப் பிடித்து வேறொரு புரதத்தைத் தேடியபோது இது உபரியாகக் கிடைத்தது. 2008இல் நோபல். சிவப்பு ஒளிர்வுப் புரதத்தை 1999இல் ரஷ்ய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது மாஸ்கோவில் தொட்டியில் வளர்ந்த மஷ்ரூம் பவளத்தில், அதாவது கடலே இல்லாத ஊரில்! இன்று செல் ஆராய்ச்சியில் இந்தப் புரதங்கள் இல்லாத ஆய்வகம் அபூர்வம். நம் ஊரில் ஒருவர் 'ஜெல்லி மீன் ஏன் ஒளிர்கிறது' என்று நிதி கேட்டால், சமூகப் பயன் என்ற கட்டத்தில் எதை எழுதுவார்?

சரி, லைட்டுக்கு வருவோம். வாட் கரண்ட் பில்லைச் சொல்லும், கெல்வின் நம் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லும். லக்ஸ் மீட்டர் மனிதக் கண்ணுக்காகச் செய்தது, நீலத்தைக் குறைத்தே காட்டும். கேட்க வேண்டியது ‘பார்’ (PAR) அளவு, அதாவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் வந்து விழுகின்றன என்ற கணக்கு. உச்சிவெயில் சுமார் 2000. மஷ்ரூமுக்கு 50 முதல் 100 போதும், மற்ற மென்பவளங்களுக்கு 150 வரை, கிளை கிளையாக வளரும் கடினப் பவளங்களுக்கு 200 முதல் 350. தொட்டியின் மேலே ஒன்று, அடியில் ஒன்று என்று மாறும், அதனால் மீட்டரை இரவல் வாங்கியாவது பவளம் உட்காரும் இடத்திலேயே அளந்து பாருங்கள். எந்தத் திசையில் வைப்பது என்று ஃபெங் ஷுய்க்காரரும் வாஸ்துக்காரரும் சொல்வார்கள். நான் சொல்வது ஒன்றுதான், வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டாம், தண்ணீர் சூடாகும், கண்ணாடியெல்லாம் பாசி படியும்.

இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்ந்து இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு எடுத்துவந்தாலும் குற்றம்.

நான் முதலில் வாங்கியது மஷ்ரூம் பவளம். வந்த அன்றே லைட்டை நூறு சதவீதத்தில் வைத்தேன், பத்து நாளில் கசங்கிய டிஷ்யூ பேப்பர் மாதிரி ஆகிவிட்டது. வெளிச்சம் மிஞ்சினால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் திணறி, நச்சான ஆக்சிஜன் வகைகளைக் கக்கத் தொடங்கும், பவளம் குடித்தனக்காரரை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். எனவே முப்பது சதவீதத்தில் ஆரம்பித்து, நாலைந்து வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள், ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் போதும். வெள்ளையும் நீலமும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும்படி உள்ள லைட் வாங்கினால், பகலில் உங்கள் வீடு வீடாகத் தெரியும், ராத்திரி கங்கு பார்க்கலாம். பவளம் பழுப்பாக மாறினால் வெளிச்சம் போதவில்லை என்று பாசி பெருகியிருக்கும், அவசரமில்லை. வெளுக்க ஆரம்பித்தால் அன்றைக்கே குறைத்துவிடுங்கள்.