ஃபாயில் பாக்கெட்ல ஆர்எஃப்ஐடி டேக் ஒட்டுறதுக்கு முன்னாடி இதக் கொஞ்சம் பாருங்க

துணிமணிக்கு ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையில தன்னோட நம்பரச் சொல்ற சின்ன சிப் வெச்ச லேபிள்) போட்டோம் சூப்பரா ஓடுது, அதே ரோல எடுத்து இப்ப சிப்ஸ் பாக்கெட், பாடி ஸ்ப்ரே கேன், நான்ஸ்டிக் பாத்திரம்னு ஒட்டுனோம் ஒன்னுமே ரீட் ஆகலன்னு வர்றவங்கதான் எங்க வேலையில ஜாஸ்தி. வந்ததும் கேக்குற மொத கேள்வி, டேக்கப் படிக்கிற ரீடர் மெஷினோட பவர கூட்டிடலாமா? வேணாங்க. பவர் எவ்ளோ போகலாம்னு ஒவ்வொரு நாட்டுலயும் சட்டமே இருக்கு, அது ஒரு பக்கம், கூட்டுனா பக்கத்து ரேக்ல இருக்குற சரக்கெல்லாம் சேந்து ரீட் ஆகும், உங்களுக்கு வேண்டிய கேன் மட்டும் அப்பவும் கம்முனுதான் கெடக்கும்.

ஏன்னா இந்த டேக்ல பேட்டரி கிடையாது. ரீடர் அனுப்புற அலையிலேருந்துதான் சிப் தனக்கு வேண்டிய சக்திய எடுத்துக்குது, அந்த அலையவே திருப்பி அனுப்பித்தான் தன்னோட நம்பரயும் சொல்லுது. கடைச் சரக்குக்கு நாம போடுறது பெரும்பாலும் யுஎச்எஃப்னு சொல்ற ரேடியோ அலை, அதாவது 860 லேருந்து 960 மெகாஹெர்ட்ஸ். உலோகத்துல பட்ட அலை திரும்பி வரும்போது வர்ற அலையும் போற அலையும் ஒன்ன ஒன்னு அடிச்சிக்கிட்டு, உலோகத்த ஒட்டுன இடத்துல டேக்கோட ஆன்டெனாவுக்குக் கெடைக்க வேண்டிய மின்புலம் கிட்டத்தட்ட பூஜ்யமாயிடும். அங்க போயி டேக்க அப்பளமா ஒட்டி வெச்சா அதுக்கு என்ன கெடைக்கும்? போதாததுக்கு ஆன்டெனாவோட டியூனிங்கும் நகந்துடும், சிப்போட பொருந்தாது.

ஃபாயில் அவ்ளோ மெல்லிசா இருக்கே அதுக்குமான்னு கேப்பாங்க. 900 மெகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்துக்குள்ள எறங்குற ஆழம் 3 மைக்ரான் கூட இல்ல, பேக்கிங் ஃபாயில் பொதுவா 6 மைக்ரானுக்கு மேலதான், அதனால டேக்குக்கு ஃபாயிலும் தகடும் ஒன்னுதான். பிளாஸ்டிக் தாள் மேல அலுமினியம் பூசுன மெட்டலைஸ்டு ஃபிலிம் கதை வேற, அதுல அலுமினியப் பூச்சு இதவிட பல மடங்கு மெல்லிசு, ஆனா அதுவும் டேக்க நல்லாவே கெடுக்கும். எவ்ளோ கெடுக்கும்ங்கறது பூச்சப் பொறுத்து மாறும், சப்ளையர் வாய்ச்சொல்ல நம்பாம டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க.

சரி என்ன பண்றது, இடைவெளி விடணும், அவ்ளோதான். சில மில்லிமீட்டர் கெடைச்சாலே செத்த டேக் உயிரோட வரும். உலோகத்து மேல ஒட்டுறதுக்குன்னே ஃபோம் வெச்சு வர்ற ஆன்மெட்டல் டேக் இதத்தான் பண்ணுது, அந்த உலோகத்தையே ஆன்டெனாவோட ஒரு பாகமா எடுத்துக்கும், டூல்ஸ் மாதிரி வெல கூடுன பொருளுக்கு நல்லது. ஆனா தடிமன் ஜாஸ்தி, சாதா லேபிள் பிரின்டர்ல போகாது, வெல கம்மியான ஸ்நாக்ஸ் பாக்கெட்டுக்கு அதப் போடுங்கன்னு யாராவது சொன்னா அவங்க விக்கிறதுக்குத்தான் வந்திருக்காங்க.

ஃப்ளாக் டேக்னு ஒன்னு இருக்கு, ஒரு ஓரம் மட்டும் பொருள்ல ஒட்டிக்கும், ஆன்டெனா இருக்குற பக்கம் கொடி மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும். மேசை மேல வெச்சுப் பாத்தா அட்டகாசமா ரீட் ஆகும், ஆனா பெட்டிக்குள்ள நெருக்கி அடுக்குனா கொடி மடங்கி ஃபாயில்லயே படுத்துடும், சாம்பிள் பாஸாகி லோடு ஃபெயிலாகுறது பாதி இதனாலதான். அதவிட பொருள்லயே உலோகம் இல்லாத எடம் எங்கன்னு தேடுங்க. ஸ்ப்ரே கேனுக்கு பிளாஸ்டிக் மூடி இருக்கு, பாத்திரத்துக்கு கைப்பிடியில தொங்குற அட்டை இருக்கு. அட்டைப் பெட்டிக்குள்ள ஃபாயில் பை வர்ற பொருளா இருந்தா பைக்கு மேல காலியா இருக்குற பகுதிக்கு நேரா வெளிய ஒட்டுங்க, ஆனா பெட்டியப் படுக்கப் போட்டா பை சரிஞ்சு அந்த எடத்துக்கே வந்துடும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. ஃபாயில்ல ஒரு கீறல் மாதிரி இடம் விட்டு அந்தப் பாக்கெட்டையே ஆன்டெனாவா ஆக்குற வழியும் இருக்கு, அழகான வேலை, ஆனா பேக்கேஜிங் டிசைன் பண்றப்பவே உக்காந்து பேசணும், அச்சாகி வந்தப்புறம் முடியாது.

டெஸ்ட் பண்ணும்போது காலி டப்பாவ வெச்சுப் பாக்காதீங்க. உள்ள தண்ணி மாதிரி திரவம் இருந்தா அது அலைய உறிஞ்சிக்கும், உலோகம் திருப்பி அடிக்கும், கேன்ல ரெண்டு தொல்லையும் சேந்தே இருக்கு. நெரப்பி, பெட்டியில அடுக்கி, பெட்டி மேல பெட்டி வெச்சுப் பாருங்க. நடுவுல மாட்டுன கேனோட டேக்க சுத்தி இருக்குற கேனுங்க மறைச்சிட்டா எந்த டேக்காலயும் ஒன்னும் பண்ண முடியாது, அப்ப ஒவ்வொரு கேனும் ரீட் ஆகணுமா இல்ல பெட்டி ரீட் ஆனா போதுமான்னு முடிவு பண்ணிக்கிறதுதான் புத்திசாலித்தனம். 2003ல வால்மார்ட் தன்னோட பெரிய 100 சப்ளையருங்கள 2005 ஜனவரிக்குள்ள டேக் போடச் சொன்னதே பெட்டிக்கும், பெட்டிங்கள அடுக்கி வெக்கிற பேலட்டுக்கும்தான்.

இன்னொன்னு, மைக்ரோவேவ்ல சூடு பண்ற சாப்பாட்டுப் பாக்கெட்டா இருந்தா சாதா டேக் உள்ள பொறி பறந்து எரிய சான்ஸ் இருக்கு. அதுக்குன்னே மைக்ரோவேவ் தாங்குற டேக் வருது, ஆர்டர் போடும்போதே அதக் கேட்டு வாங்குங்க.