மூன்றாவது பற்றரியை வாங்குவதற்கு முன்

கடந்த சித்திரை மாதம், நிலாவெளியில் விருந்தினர் விடுதி நடத்தும் ஓர் அக்கா, தமது வான் வண்டியின் பின்னால் இழுத்துச் செல்லும் தங்குமிட ட்ரெயிலரை எனது கராஜின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "தம்பி, இரண்டு வருடத்தில் இரண்டு பற்றரி மாற்றிவிட்டேன். இப்போது மூன்றாவதும் இரவு பத்து மணிக்குமேல் தாங்குதில்லை. நல்லதாக ஒன்று பார்த்துத் தாங்கோ" என்றார். பற்றரியைக் கழற்றுவதற்கு முன் அரை மணி நேரம் தரும்படி கேட்டு, மீற்றரை எடுத்து அளந்து பார்த்தேன். வானின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது வானின் பற்றரியில் 14.2 வோல்ற் இருந்தது. அதே நேரத்தில் ட்ரெயிலரின் பற்றரியில் இருந்தது 12.9 வோல்ற். அந்த இடைவெளியில்தான் அவருடைய மூன்று பற்றரிகளும் பழுதாகிக்கொண்டிருந்தன.

திருகோணமலையில் வாகன மின்வேலை தொடங்குவதற்கு முன் நான் கட்டாரில் சில வருடங்கள் இதே தொழிலைச் செய்தேன். அங்கே அமெரிக்காவிலிருந்து இறக்கப்பட்ட குதிரை ட்ரெயிலர்கள் எங்களிடம் வரும். பின்பகுதியில் குதிரைகள் நிற்பதற்கான அறைகளும், முன்பகுதியில் கட்டில், சமையல் மேடை, குளியலறை, பிரிட்ஜ் ஆகியவற்றுடன் மனிதர் தங்கும் அறையும் அவற்றில் இருக்கும். நிலாவெளி அக்காவின் வண்டியில் குதிரைக்கு இடமில்லை என்பதைத் தவிர, மின் அமைப்பில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. தங்கும் அறைக்கென்று தனியாக ஒரு பற்றரி இருக்கிறது. அதற்கு மூன்று வழிகளில் சார்ஜ் வருகிறது: இழுக்கும் வாகனத்தின் இயந்திரம் ஓடும்போது மின்சாரம் தரும் ஒல்டர்னேட்டரிலிருந்து, வீட்டு மின்சாரத்தை 12 வோல்ற்றாக மாற்றும் கொன்வேர்ட்டரிலிருந்து, கூரையிலுள்ள சோலர் பனலிலிருந்து. மூன்று வழிகள் இருப்பதாலேயே ஒன்று செயலிழந்தாலும் உரிமையாளருக்கு உடனே தெரிவதில்லை. மூன்றும் அரைகுறையாக வேலை செய்யும்போது பழி பற்றரியின்மேல் விழுகிறது.

முதலில் பற்றரியை ஓய்வு நிலையில் அளக்க வேண்டும். சார்ஜும் பாரமும் (விளக்கு, பிரிட்ஜ் போல மின் இழுப்பவை) இல்லாமல் சில மணி நேரம் விட்டபின், சாதாரண ஈய-அமிலப் பற்றரி 12.6 முதல் 12.7 வோல்ற் காட்டினால் அது நிறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஏறத்தாழ 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது. 11.9 வோல்ற் என்றால் அது ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. பிறகு மூன்று வழிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே இயக்கி, ஒவ்வொரு முறையும் பற்றரியின் முனைகளிலேயே அளக்க வேண்டும். கொன்வேர்ட்டரின் வாயிலோ வானின் பற்றரியிலோ அளந்துவிட்டு "சார்ஜ் சரி" என்று சொல்வது, கிணற்றடியில் தண்ணீரைப் பார்த்துவிட்டு வயல் நனைந்தது என்று சொல்வதைப் போன்றது.

அக்காவின் வண்டியில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் என்னிடம் வரும் ட்ரெயிலர்களில் பெரும்பாலானவற்றின் சிக்கல் இதுதான். வானின் முன்புறத்திலிருந்து ட்ரெயிலரின் பற்றரிவரை ஏறத்தாழ 10 மீற்றர் வயர் ஓடுகிறது. மின்னோட்டம் திரும்பிவரும் வழியையும் சேர்த்தால் 20 மீற்றர். அங்கே போட்டிருந்தது 4 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர். அந்தத் தடிப்புள்ள வயர் 20 மீற்றருக்கு ஏறத்தாழ 0.09 ஓம் தடை தரும். பிரிட்ஜுக்கு 5 அம்பியரும் பற்றரிக்கு 10 அம்பியருமாக 15 அம்பியர் ஓடினால், 1.3 வோல்ற்றுக்கு மேல் வயரிலேயே சூடாகக் கரைந்துவிடும். 14.2 வோல்ற்றாகப் புறப்பட்டது 12.9 ஆக வந்து சேர்ந்ததன் காரணம் இந்தக் கணக்குத்தான். ஈய-அமிலப் பற்றரி முழுமையாக நிறைவதற்கு 14 வோல்ற்றுக்கு மேல் பல மணி நேரம் தேவைப்படுகிறது. பற்றரி ஏற ஏற மின்னோட்டம் குறைந்து வயரின் இழப்பும் குறையும் என்பது உண்மைதான், ஆனால் ஹபரணையிலிருந்து கந்தளாய் ஊடாகத் திருகோணமலைக்கு வரும் 85 கிலோமீற்றர் பயணம் அதற்குள் முடிந்துவிடுகிறது. இவ்வாறு ஒருபோதும் நிறையாமல் பாதிக்கும் கீழே கிடக்கும் பற்றரியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று இறுகிப் படிகமாகிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு நல்ல சார்ஜ் கொடுத்தாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

புதிய வாகனங்களில் இன்னொரு தடையும் உண்டு. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காக அவற்றின் ஒல்டர்னேட்டர், தனது பற்றரி நிறைந்ததும் வோல்ற்றளவைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். பின்னால் இன்னொரு பற்றரி காத்திருப்பது அதற்குத் தெரியாது. இத்தகைய வாகனங்களுக்குத் தடித்த வயர் மட்டும் போதாது. குறைந்த வோல்ற்றளவை வாங்கி 14.4 ஆக உயர்த்திக் கொடுக்கும் டீசீ-டீசீ சார்ஜரை ட்ரெயிலரின் பற்றரிக்கு அருகிலேயே பொருத்த வேண்டும்.

திருகோணமலையில் வயரின் தடிப்புக்கு அடுத்தபடியாக நான் அஞ்சுவது உப்புக்காற்றை. கொட்பே துறைமுகத்தில் பலநாட் படகுகளின் வயர்களைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல: மேலே உறை பளபளவென்று இருக்கும், கத்தியால் கீறினால் உள்ளே செம்பு கறுத்தும் பச்சை பூத்தும் பொடியாக உதிரும். கடற்கரையில் மாதக்கணக்கில் நிற்கும் ட்ரெயிலருக்கும் இதே கதிதான். வாகனத்தோடு இணைக்கும் ஏழு முனைப் பிளக்கின் பித்தளை முனைகள், சாசியில் எர்த் வயரை முடுக்கியிருக்கும் ஆணி, பியூஸ் தாங்கிகள் ஆகிய மூன்றும் முதலில் பழுதாகும் இடங்கள். எர்த் ஆணியின் கீழே பெயின்ற்றைச் சுரண்டாமல் முடுக்கியிருப்பதையும், தனி எர்த் வயரே போடாமல் இழுக்கும் கொக்கியின் வழியே மின்னோட்டம் திரும்பட்டும் என்று விட்டிருப்பதையும் நான் பலமுறை கண்டிருக்கிறேன். கொக்கியில் கிரீஸ் பூசியிருக்கும், வண்டி குலுங்கும், துருவும் ஏறும். அதை நம்பி ஒரு பற்றரியை விடக்கூடாது.

இங்கே மீற்றரே நம்மை ஏமாற்றக்கூடும். இருபது நூல்களில் பத்தொன்பது அறுந்து ஒரே நூலில் தொங்கும் வயரிலும் மீற்றர் 12.6 வோல்ற் காட்டும், ஏனெனில் மீற்றர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. ஆகவே ஒரு பழைய 55 வாற் ஹெட்லைற் பல்பை அந்த வயரின் முனையில் கொளுவிவிட்டு அளக்க வேண்டும். அது நாலரை அம்பியர் இழுக்கும்போது வோல்ற்றளவு சரிந்தால், குறை அந்த வழியில்தான் இருக்கிறது. எர்த்தைச் சோதிக்க, பல்பு எரியும்போதே மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர் (–) முனையிலும் மற்றதைச் சாசியிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்.

கொன்வேர்ட்டரைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் செய்யப்பட்டவை 120 வோல்ற்றுக்கு உரியவை என்பதை மறக்கக்கூடாது. நமது 230 வோல்ற்றில் நேரடியாகக் கொளுவினால் அவை கருகிவிடும். கட்டாரில் 240 வோல்ற்றில் கருகியவற்றை நான் மாற்றியிருக்கிறேன். பற்றரியை ஒரு தடவை முனை மாற்றிக் கொளுவியிருந்தால், கொன்வேர்ட்டரைப் பாதுகாக்கும் தனிப் பியூஸ்கள் எரிந்திருக்கும். விளக்குகள் எரியும், ஆனால் பற்றரிக்கு மட்டும் சார்ஜ் வராது. பற்றரியைத் துண்டிக்கும் சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்தாலும் பல வண்டிகளில் இதேபோல நிகழும். பழைய வகைக் கொன்வேர்ட்டர்கள் நிலையாக 13.6 வோல்ற் மட்டுமே தருவதால், ஒரு இரவில் பற்றரி நிறைந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சோலர் பனலில் நிழலைக் கவனியுங்கள். 100 வாற் பனல் நல்ல வெயிலில் 5 அம்பியருக்குச் சற்று மேல் தரும், ஆனால் ஒரு சிறு கிளையின் நிழல் அதில் பெரும்பகுதியைப் பறித்துவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் பற்றரி இறங்கினால், அணைத்துவிட்டதாக நாம் நினைக்கும் பொருட்களைத் தேட வேண்டும். வாயுக் கசிவை உணரும் கருவியும் ரேடியோவின் நினைவகமும் சேர்ந்து அரை அம்பியர் இழுத்தாலே, ஒரு நாளைக்கு 12 அம்பியர்-மணி போய்விடும். 100 அம்பியர்-மணிப் பற்றரி நான்கே நாளில் பாதியாகிவிடும்.

வைகாசி தொடங்கிக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பம் தனியான எதிரியாகிறது. 25 பாகைக்குச் சரியான 14.4 வோல்ற், 35 பாகையில் தேவையைவிட ஏறத்தாழ 0.3 வோல்ற் அதிகமாகிவிடுவதால் பற்றரி கொதித்து நீரை இழக்கிறது. மாதம் ஒரு தடவையாவது மூடியைத் திறந்து பார்த்து, தகடுகள் மூழ்கும்படி காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுங்கள். கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும்.

ஒரு விடயத்தை மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். சார்ஜ் ஏறும் ஈய-அமிலப் பற்றரியிலிருந்து ஐதரசன் வெளியேறுகிறது, காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் அது வெடிக்கக்கூடும். இடம் மிச்சமாகும் என்று அதைக் கட்டிலின் கீழே மூடிய பெட்டியில் வைத்து, அதன்மேல் பிள்ளைகளை உறங்கவைக்கும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு வெளிப்புறமாகக் காற்றுக் குழாய் இருக்க வேண்டும். நேர் முனையிலிருந்து புறப்படும் வயரில், பற்றரிக்கு மிக அருகிலேயே பியூஸ் இருக்க வேண்டும். கழற்றும்போது எதிர் முனையை முதலில் கழற்றி, பொருத்தும்போது அதைக் கடைசியாகப் பொருத்துங்கள்.

அக்காவின் வண்டியில் நேருக்கும் எதிருக்கும் தனித்தனியாக 16 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டு, இரு முனைகளிலும் பியூஸ் வைத்து, 20 அம்பியர் டீசீ-டீசீ சார்ஜர் ஒன்றைப் பொருத்தினேன். மூன்றாவது பற்றரியை ஒரு நாள் முழுவதும் மெதுவாகச் சார்ஜ் செய்தபின் அது 12.6 வோல்ற்றில் நின்றது, பாரத்தையும் தாங்கியது. அவர் வீட்டில் வைத்திருந்த இரண்டாவது பற்றரியையும் கொண்டுவந்தார், ஆனால் அதை மீட்க முடியவில்லை. இப்போது அவர் சிறிய மீற்றர் ஒன்றை வாங்கி, விருந்தினர் எழுவதற்கு முன் காலையில் அளந்து, எண்ணை ட்ரெயிலர்க் கதவின் உட்புறம் எழுதிவைக்கிறார். 12.6, 12.5, 12.6 என்று போகும் வரிசையில் ஒரு நாள் 12.3 வந்தபோது, பனலின்மேல் வேப்பங்கிளை ஒன்று சாய்ந்திருப்பதை எனக்குத் தொலைபேசி எடுப்பதற்கு முன்பே அவர் கண்டுபிடித்திருந்தார்.