கியரைப் பிடித்து வைக்கும் பித்தளை வளையம்

காட்பாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவன் மூன்று வருடமாக ஒரு ஸ்போர்ட்ஸ் காரைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தான். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சேஸி, இரண்டே இருக்கை, முதுகுக்குப் பின்னால் இன்ஜின். இன்ஜினும் கியர்பாக்ஸும் விபத்தில் நொறுங்கிய சின்னக் காரிலிருந்து எடுத்தவை. முன்னால் இருந்ததை அப்படியே பின்னால் மாட்டியிருந்தான். பதிவு இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. அதனால் இராணிப்பேட்டைப் பக்கம் மூடிக்கிடக்கும் ஓர் ஆலையில் அனுமதி கேட்டு, அந்த வளாகத்துக்குள்தான் ஓட்டிப் பார்த்தோம்.

வண்டி பறந்தது. கியர் மட்டும் விழவில்லை. "இன்னாண்ணா, ரெண்டுலேர்ந்து மூணு போட்டா ஒரு மூச்சு வாங்கிட்டுதான் உள்ள போவுது" என்றான். நானும் ஓட்டினேன். லீவர் பாதி வழியில் ஏதோ மெத்தையில் முட்டியதுபோல நிற்கிறது. அழுத்திப் பிடித்தால் அரை வினாடி கழித்து, தானாகவே மனம் மாறியதுபோல உள்ளே நழுவுகிறது. கியர்பாக்ஸ் போய்விட்டது, இறக்கிப் பிரிக்க வேண்டும் என்று அவன் முடிவே செய்துவிட்டான். பிரிப்பதற்கு முன்னால், அந்த அரை வினாடியில் உள்ளே என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார்ப்போம் என்றேன்.

ஓடும் டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர் என்ன செய்வார்? பஸ்ஸோடு நாலு அடி ஓடி, வேகம் ஒத்துப்போனதும் கம்பியைப் பிடித்துக் காலை வைப்பார். நின்ற இடத்திலிருந்தே பிடித்தால் கை போய்விடும். கியரும் இதேதான். 5,000 ஆர்.பி.எம்.மில் இரண்டாவது கியரில் போகிறீர்கள். அந்தக் கியர்பாக்ஸில் இரண்டாவதின் விகிதம் (வெளியே போகும் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற, இன்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பது) சுமார் 1.89, மூன்றாவதின் விகிதம் சுமார் 1.28. கார் அதே வேகத்தில் போக, மூன்றாவது கியரில் இன்ஜின் 3,400 அளவில்தான் சுற்ற வேண்டும். கிளட்சை மிதித்ததும் இன்ஜின் தனியாகிவிடும். ஆனால் கிளட்ச் பிளேட்டும் அதோடு சேர்ந்த ஷாஃப்டும் இன்னும் 5,000-இல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றிலிருந்து 1,600 சுற்றைக் குறைத்த பிறகுதான் பற்கள் சேர முடியும்.

அந்தக் காலத்து லாரி ஓட்டுநர்கள் இந்த வேலையைக் காலாலும் காதாலும் செய்தார்கள். டபுள் கிளட்ச் என்று இன்றும் சொல்கிறோமே, அதுதான். 1928-இல் காடிலாக் கார்களில் வந்த சிங்க்ரோமெஷ் அந்த வேலையைக் கியர்பாக்ஸுக்குள்ளேயே வைத்தது. அதன் உயிர் ஒரு சின்னப் பித்தளை வளையம். உள்பக்கம் கூம்பாகச் சரிந்திருக்கும். கியரின் தோளிலும் அதே சரிவில் ஓர் எஃகுக் கூம்பு உண்டு. லீவரைத் தள்ளும்போது வளையம் போய்க் கூம்பின் மேல் உரசி அதன் வேகத்தைக் குறைக்கிறது. சரிவு ஆறேழு டிகிரிதான். அதனால்தான் நாம் தள்ளும் விசை கூம்பின் முகத்தில் எட்டு ஒன்பது மடங்காகிறது. ஆப்பு வைத்து மரத்தைப் பிளப்பது போலத்தான்.

இந்த வளையம் இன்னொரு வேலையும் செய்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். வேகம் ஒத்துப்போகாதவரை, உரசல் இந்த வளையத்தைப் பாதிப் பல் அளவு திருப்பி வைத்திருக்கும். அப்போது அதன் பற்களின் முனை, உள்ளே வர வேண்டிய ஸ்லீவின் (லீவர் தள்ளிக் கியரோடு சேர்க்கும் பல் வளையம்) பற்களுக்கு நேர் எதிரே நிற்கும். வழி அடைபட்டுவிடும். இன்னும் பலமாக அழுத்தினால் உரசலும் கூடும், அடைப்பும் அதே அளவு கூடும். வேகம் சமமான கணத்தில் உரசல் அற்றுப்போகிறது. பல் முனைகளின் சரிவு வளையத்தை ஓரமாகத் தள்ளிவிட, ஸ்லீவ் உள்ளே நழுவுகிறது. நாங்கள் கையில் உணர்ந்த அந்த 'மனம் மாறுதல்' இதுதான். லீவர் சிக்கிக்கொள்ளவில்லை. வளையம் தன் கடமைப்படி அதைப் பிடித்து வைத்திருந்தது.

அப்படியானால் கேட்க வேண்டியது, வேகம் ஒத்துப்போக ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான்.

முதலில் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பார்த்தோம். வெண்ணெய்போல விழுந்தது. லீவரைக் கியர்பாக்ஸோடு இணைக்கும் கம்பியிலோ மூட்டுகளிலோ இறுக்கம் இல்லை. ஆனாலும் ஒன்று கண்ணில் பட்டது. அவன் கியர்பாக்ஸ் பக்கத்து நெம்பை இறுகப் பிடித்துக்கொள்ள, நான் குமிழை ஆட்டினேன். கிட்டத்தட்ட 2 செ.மீ. ஆடியது. பின்னால் இருக்கும் கியர்பாக்ஸுக்காக நீட்டிய கம்பி வில்லாக வளைகிறது. கை தரும் விசையில் ஒரு பகுதி வளையத்துக்குப் போய்ச் சேருவதே இல்லை. முன்சக்கரத்தை இயக்கும் பல கார்களில் கியர்பாக்ஸ் உடலிலிருந்து லீவரின் அடிப்பகுதிக்கு இரண்டாவதாக ஒரு கம்பி வரும். இன்ஜின் ரப்பர் மவுண்டில் குலுங்கும்போது லீவரும் கூடவே நகர வேண்டும் என்பதற்காக வைத்தது அது. வீட்டில் கார் கட்டுகிறவர்கள் பலரும் இது எதற்கு என்று வெட்டிப் போடுவார்கள். இவனும் வெட்டியிருந்தான்.

அப்புறம் முக்கியமான சோதனை. வேகமாகப் போய், கிளட்சை மிதித்து, லீவரை மூன்றாவதை நோக்கி ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டு, ஆர்.பி.எம். முள்ளை மட்டும் பார்க்கச் சொன்னேன். கிளட்ச் முழுதாகப் பிரிந்தால் இன்ஜின் எந்த வேகத்தில் இருந்தாலும் வளையத்துக்குக் கவலையில்லை, முள் மேலே இருக்கும்போதே கியர் விழும். இங்கே நான்கு முறை ஓட்டியும், முள் 3,400-ஐ ஒட்டி இறங்கிய பிறகுதான் விழுந்தது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போகத் தேவையான அதே வேகம்! கிளட்ச் பிரியவில்லை. பிளேட் இன்ஜினோடு உரசிக்கொண்டே சுற்றுகிறது. வளையம் ஒரு பக்கம் பிளேட்டின் வேகத்தைக் குறைக்க, மறுபக்கம் இன்ஜின் அதை மேலே இழுக்கிறது. இன்ஜின் தானே இறங்கி வரும்வரை காத்திருப்பதைத் தவிர வளையத்துக்கு வேறு வழியில்லை.

ஏன் பிரியவில்லை என்பதற்கு விடை ஒரு சின்னக் கணக்கில் இருந்தது. கிளட்ச் பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைக் குழாய் வழியே தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர், அந்த ஆயில் வந்து தள்ளக் கிளட்சைப் பிரிப்பது ஸ்லேவ் சிலிண்டர். பெடலுக்கு ஒரு காரின் மாஸ்டர், கியர்பாக்ஸில் இன்னொரு காரின் ஸ்லேவ். மாஸ்டரின் விட்டம் 15.87 மி.மீ., பெடல் அதை 25 மி.மீ. தள்ளுகிறது. ஸ்லேவின் விட்டம் 22.2 மி.மீ. தள்ளிய பிரேக் ஆயிலின் கன அளவு மாறாது, பரப்புதான் கூடுகிறது. அதனால் ஸ்லேவ் நகர்வது 12.8 மி.மீ. மட்டுமே. ஸ்கேல் வைத்து அளந்தபோதும் ஏறக்குறைய அதேதான் வந்தது. அந்தக் கிளட்சுக்கு 17 மி.மீ.க்கு மேல் வேண்டும். பெடல் இலகுவாக இருக்கிறது என்று அவன் சந்தோஷப்பட்டதற்கும் இதுவே காரணம். விசையில் கிடைத்த லாபம் தூரத்தில் போய்விட்டது.

பெடலை இரண்டு முறை மிதித்தால் கியர் நன்றாக விழுகிறதா என்றும் பார்க்க வேண்டும். விழுந்தால் குழாயில் காற்று இருக்கலாம். பின்பக்க இன்ஜின் வண்டியில் அந்தக் குழாய் சைலன்சர் குழாயை ஒட்டிப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். டாட் 3 தரப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 140 வரை இறங்கலாம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயிலில் நின்ற வண்டிக்கு இது முக்கியம்.

இந்தச் சோதனைகளில் கிளட்ச் தேறியிருந்தால், அடுத்து ஆயிலைச் சந்தேகித்திருப்பேன். வளையத்தின் உள்முகத்தில் மயிரிழைபோல மரைகள் வெட்டியிருக்கும். விரல் நகத்தால் வருடினால் தெரியும். ஆயில் படலத்தைக் கிழித்துக் கூம்பைப் பிடிக்க அவைதான் உதவுகின்றன. அவை தேய்ந்து வழவழப்பானால் வளையம் ஆயில் மேல் சறுக்கும். சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலுக்கான ஜி.எல்.-5 தர ஆயிலை, ஜி.எல்.-4 தரம் கேட்கும் கியர்பாக்ஸில் ஊற்றினாலும் இப்படி நடக்கலாம். "கெட்டியாக, விலை கூடுதலாக இருந்தால் நல்லது" என்று கடையில் சொல்வதை நம்பி ஊற்றாதீர்கள்.

பெரிய கிளட்ச் பிளேட் போடும் ஆசையும் பலருக்கு உண்டு. ஒரே தடிமனில் 180 மி.மீ. பிளேட்டுக்குப் பதில் 200 போட்டால், விட்டத்தின் நான்காவது அடுக்கில் சுழல்நிலைமம் (சுற்றும் பொருள் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளக் காட்டும் எதிர்ப்பு) ஏறும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அந்த அதிகச் சுமையை ஒவ்வொரு முறையும் குறைக்க வேண்டியது அதே சின்ன வளையம்தான்.

தம்பி 19.05 மி.மீ. மாஸ்டர் வாங்கி மாட்டினான். ஸ்லேவ் இப்போது 18 மி.மீ.க்குச் சற்று மேல் நகர்கிறது. பெடல் முன்பைவிட 44 சதவீதம் கனம், தொடை வலிக்கிறது என்கிறான். வெட்டிப் போட்ட இரண்டாவது கம்பியை லேத்தில் புதிதாகச் செய்து மாட்டிவிட்டான். போன ஞாயிறு அதே வளாகத்தில் ஓட்டியபோது, முள் 4,500-க்கு மேல் இருக்கும்போதே மூன்றாவது விழுந்தது. காலையில் எடுத்தவுடன் முதல் சில நிமிடம் மட்டும் இரண்டாவது கியர் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது. அது ஆயில் சூடாகாததால். கியர்பாக்ஸைப் பிரிக்க எடுத்து வைத்த ஸ்பேனர்களை அவன் திரும்ப மாட்டிவிட்டான்.