மணக்காத நஞ்சு: வீட்டில் இரும்புக்குப் பூச்சு அடிக்க நினைப்போருக்கு

சென்ற மாரிக்கு முன்னர், மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒரு விவசாயி தன் மகனுடன் எங்கள் பெயின்ட் பட்டறைக்கு வந்தார். வயலுக்குள் இறங்கும் யானையையும் பன்றியையும் விரட்டுவதற்காக அனுமதிப்பத்திரத்துடன் அவர் வைத்திருக்கும் இரட்டைக்குழல் துவக்கில் கறள் ஏறத் தொடங்கியிருந்தது; அதன் படத்தைத் தொலைபேசியில் காட்டினார். மகன் காட்டியது வேறொன்று. அமெரிக்காவில் ஒருவர் தன் கைத்துப்பாக்கியைக் குசினி மேசையில் வைத்துக் கழற்றி, பழைய பூச்சைச் சுரண்டி, புதுப் பூச்சை விசிறி, சமையல் அடுப்புக்குள் வைத்துச் சுட்டு எடுக்கும் காணொளி அது. “அண்ணன், பெயின்டும் ஹார்ட்னரும் மட்டும் தாங்க, மிச்சத்த நானே பார்க்கிறன்” என்றார் அந்தத் தம்பி. நான் கொடுக்கவில்லை. அன்று அவர்களுக்குச் சொன்ன காரணங்களை இங்கே விரிவாக எழுதுகிறேன். ஏனெனில் அதே முறையில் மோட்டார் சைக்கிள் தாங்கிக்கும் யன்னல் கம்பிக்கும் தோணி இயந்திரத்தின் உதிரிப்பாகங்களுக்கும் வீட்டிலேயே பூச்சு அடிப்பவர்கள் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பெருகிவருவதை நான் கண்ணால் காண்கிறேன்.

கைத்துப்பாக்கிகளுக்கென வெளிநாடுகளில் விற்கப்படும் பூச்சுகளில் இரண்டு வகைகள் பெரிதும் பயன்படுகின்றன. செராமிக் கலந்த ஒரு வகை, ஏறத்தாழ 121 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரமோ 149 பாகையில் ஒரு மணி நேரமோ சுடப்பட்டு இறுகும். மற்றது, பெயின்டை இறுகச் செய்யும் ஹார்ட்னர் கலந்ததும் அறை வெப்பத்திலேயே தானாக இறுகும். நமது கடைகளில் எளிதாகக் கிடைப்பது இரண்டாவது வகையைச் சேர்ந்த, வாகனங்களுக்கு அடிக்கும் இருகலவைப் பெயின்ட்தான். ஆகவே காணொளியில் ஒன்றைப் பார்த்துவிட்டு, கையில் இன்னொன்றை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குகிறார்கள். அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

அந்த ஹார்ட்னருக்குள் இருப்பது ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள். பெயின்டை இளக்கும் தின்னரின் மணம் மூக்கைத் துளைப்பதால் அதுதான் நஞ்சு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், தின்னரும் தீங்கானதே. ஆனால் ஐசோசயனேட் தீங்கு செய்யும் அளவில் காற்றில் கலந்திருக்கும்போதுகூட மூக்குக்குத் தெரிவதில்லை. துப்பாக்கி போன்ற விசிறுகருவியால் பீச்சும்போது அது நுண்துளிகளாக நுரையீரலுக்குள் இறங்கி, உடலுக்கு அந்தப் பொருளின் மேல் ஒவ்வாமையை ஏற்படுத்திவிடுகிறது. ஒருவருக்கு இது முதல் மாதத்திலேயே நேரலாம், இன்னொருவருக்குப் பத்து ஆண்டுகள் கழித்தும் நேரலாம். ஒருமுறை உடல் அவ்வாறு மாறிவிட்டால், அடுத்த அறையில் யாரோ பெயின்ட் கலக்கும் அளவே மூச்சு முட்டுவதற்குப் போதுமானது.

இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. என்னோடு ஒரே காலத்தில் தொழில் பழகிய ஒருவர், அக்காலத்தில் நாங்கள் எல்லோரும் செய்ததுபோல, முகத்தில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். இரவில் மட்டும் நெஞ்சு இறுகியது. வேலையில்லாத நாட்களில் சுகமாக இருந்தது. கச்சான் காற்றின் தூசி என்றார்கள், பரம்பரைத் தொய்வு என்றார்கள், ஒன்றரை வருடம் அப்படியே போய்விட்டது. கடைசியில் தன் தொழிலைப் பற்றி மருத்துவரிடம் அவர் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் காரணம் விளங்கியது. கைநிறையத் தொழில் தெரிந்த அந்த மனிதர் இன்று பெயின்ட் கடை வாசலிலும் நிற்க முடியாதவராக இருக்கிறார். இரவு இருமலும் நெஞ்சிறுக்கமும் விடுமுறையில் குறைந்து வேலை நாட்களில் திரும்பி வருமானால், எந்த வேலை செய்கிறீர்கள், எந்தப் பெயின்டைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதைத் தகரத்தின் படத்தோடு மருத்துவரிடம் காட்டுங்கள் என்று எல்லோரையும் வேண்டிக்கொள்கிறேன்.

கொரோனாக் காலத்தில் வாங்கிய துணி முகக்கவசமும் தூசுக் கவசமும் இதற்குப் பயன்படா. கரி வடிகட்டி பொருத்திய கவசத்துக்கும் எல்லை உண்டு: வடிகட்டி நிறைந்துவிட்டால் அதை மணத்தால்தான் அறியவேண்டும், மணமே இல்லாத பொருளை எப்படி அறிவது? முறையான பட்டறையில், வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் மூலம் கொண்டுவரும் கவசத்தை அணிந்தே இருகலவைப் பெயின்டை விசிறவேண்டும். அந்தக் காற்றை இழுக்கும் கம்பிரசரின் வாயும் பெயின்ட் புகை எட்டாத இடத்தில் இருக்கவேண்டும். வீட்டு விறாந்தையில், பக்கத்தில் பிள்ளைகள் விளையாட, இதில் எது நடக்கும்?

பூச்சுக்கு முந்திய வேலையிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. கறளை நீக்குவதற்குக் காற்றழுத்தத்தால் மணலைப் பீச்சும் வழக்கம் உண்டு. கடற்கரை மணலும் ஆற்று மணலும் நமக்குக் காலடியில் கிடைப்பதால் அள்ளிவந்து சலித்துப் பயன்படுத்துகிறார்கள். உடைபட்ட மணலின் சிலிக்காத் தூள் கண்ணுக்குப் புலப்படாத அளவில் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தருகிறது. அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. பிரித்தானியாவில் வார்ப்புப் பொருட்களைச் சுத்தம் செய்ய மணல் பீச்சுவது 1949ஆம் ஆண்டின் விதிகளாலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. சிறிய வேலைக்கு நீர் தொட்டு எமரித்தாளால் தேய்ப்பதே போதும்.

நமது ஊரின் உப்பைப் பற்றியும் ஒரு சொல். கடலுக்கும் வாவிக்கும் இடையில் வாழும் நமக்கு, துடைத்து வைத்த இரும்பின் மேலும் உப்பு படிந்துகொண்டே இருக்கிறது. பழைய கல்லடி இரும்புப் பாலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நன்னீரால் உப்பைக் கழுவாமல் அடித்த பூச்சு எவ்வளவு விலையானதாயினும் அடியில் கொப்பளித்து உரியும். காற்றின் ஈரப்பதன் 85 சதவீதத்தைத் தாண்டும்போதும், இரும்பின் வெப்பநிலை பனி படியும் வெப்பநிலையைவிட 3 பாகையாவது கூடுதலாக இல்லாதபோதும் பூச்சு அடிக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் விதி. மாரி நாட்களில் நாங்கள் பல வேலைகளைத் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

சமையல் அடுப்பில் சுடுவதை நான் எக்காரணம் கொண்டும் ஏற்கமாட்டேன். தின்னரில் உள்ள தொலுயீனின் ஆவி 4 பாகை செல்சியசிலேயே தீப்பற்றத்தக்க அளவு எழும். நமது பகல் வெப்பமோ 30 பாகைக்கு மேல். அந்த ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு தவழ்ந்து கேஸ் அடுப்பின் சுடரையோ குளிர்சாதனப்பெட்டியின் மின்பொறியையோ தேடிச் செல்லும். பூச்சு சுட்ட அடுப்பில் பிறகு பிள்ளைகளுக்குக் கேக் சுடுவது இன்னொரு கொடுமை.

துவக்கு என்று வரும்போது விடயம் இன்னும் நுட்பமானது. முறையான பூச்சின் தடிப்பு ஏறத்தாழ 25 மைக்ரோன்தான். கையால் அடிப்பவர் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஏற்றிவிடுவார். உராய்ந்து நகரும் பாகங்களுக்கு அந்த வித்தியாசம் போதும், பொறி சிக்கிக்கொள்ளும். குழலின் உட்புறத்துக்கும் தோட்டா அறைக்கும் பூச்சு படவே கூடாது. பழைய இரட்டைக்குழல் துவக்குகளில் இரு குழல்களும் ஈயப் பற்றாசினால் ஒட்டப்பட்டிருப்பது வழக்கம். அத்தகைய பற்றாசு 183 பாகையளவில் உருகத் தொடங்கும். வெப்பமானி சரியாக இயங்காத வீட்டு அடுப்பு அந்த எல்லையைத் தொட அதிக நேரம் எடுக்காது. கொதிக்கும் காரத்தில் அமிழ்த்திக் கருநீலமாக்கும் முறையோ அந்த ஒட்டையே அரித்துவிடும். இலங்கையில் துவக்குகள் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. உலோகத்தில் பொறித்த இலக்கம் பத்திரத்தோடு பொருந்தவேண்டும். அதைத் தேய்த்து அழித்துவிட்ட பின் அறியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. ஆகவே அனுமதி பெற்ற பழுதுபார்ப்பவரிடமே துவக்கைக் கொடுக்கவேண்டும்.

மிஞ்சிய தின்னரையும் கழுவிய அழுக்கையும் வளவில் ஊற்றுவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். நமது மண் மணற்பாங்கானது, கிணறுகளோ ஆழமற்றவை. நீங்கள் வேலியோரம் ஊற்றியது பக்கத்து வீட்டாரின் கிணற்றுக்கும் போகும். மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, வெயிலும் நெருப்பும் படாத இடத்தில் வைத்து, உள்ளூராட்சி மன்றத்திடம் வழி கேளுங்கள்.

அந்தத் தந்தையிடம் துவக்கை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். விடியலில் வயலிலிருந்து வந்ததும் துணி உறைக்குள் போட்டுக் கட்டிவிடுவதாகச் சொன்னார். பனியின் ஈரமும் கையின் வியர்வையும் அந்தத் துணிக்குள்ளேயே நாள் முழுவதும் தங்கிவிடுகின்றன. கறளுக்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை. தோட்டாக்களை வெளியே எடுத்துக் குழல் வெறுமையாக இருப்பதை முதலில் பார்த்துவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, துவக்கு எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவி, உறையின்றிப் பூட்டிய பெட்டியில் வைக்கும்படி சொன்னேன். தைப்பொங்கலுக்குப் பின் கடைத்தெருவில் மகனைக் கண்டேன். பழுதுபார்ப்பவர் கறளை எடுத்துக் கொடுத்துவிட்டாராம்; மாரி முழுவதும் கழிந்தும் புதிதாக ஏறவில்லை, உறையை உம்மா அன்றைக்கே அடுப்படித் துணியாக்கிவிட்டார் என்றார்.