அந்த ஃபைலை நீங்களே எடுத்துத் தர வேண்டாம்

தணிக்கைக்குப் போய் உட்கார்ந்த பத்தாவது நிமிடம் பல அலுவலகங்களில் ஒரே காட்சிதான். டீ வரும். பின்னாலேயே ஒரு பாக்ஸ் ஃபைல் வரும். "இதுல எல்லாமே கரெக்டா இருக்குங்க சார், இதையே பார்த்துருங்க" என்பார் கணக்காளர். பெரும்பாலும் அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, நம் வேலையைச் சுலபமாக்கலாம் என்றுதான் கொண்டுவருகிறார். ஆனால் அதை வாங்கி டிக் அடித்துவிட்டு எழுந்து வந்தால், அவர் காட்ட விரும்பியதை மட்டும்தான் நான் பார்த்திருப்பேன்.

ஆர்ட்டிகிள்ஷிப் என்கிற சி.ஏ. பயிற்சிக் காலத்தில் நானும் ஒரு முறை தப்பு செய்தேன். ஒரு நிறுவனத்தின் ரொக்கச் செலவு வவுச்சர்களில் ஏப்ரலையும் மார்ச்சையும் மட்டும் முழுதாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. நடுவில் இருந்த பத்து மாதத்தைத் தொடவே இல்லை. அடுத்த வருடம் வேறொருவர் பழைய ஃபைலைப் புரட்டியபோதுதான், ஆகஸ்டிலிருந்து ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 9,800, 9,600 என்று பிரித்துப் பிரித்து வவுச்சர் போட்டிருந்தது தெரிந்தது. ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. பிரித்துப் போட்டாலும் அன்றைய மொத்தம்தான் கணக்கு. இன்றுவரை அந்த ஆகஸ்ட் எனக்கு உறுத்துகிறது.

இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 530 இதைப் பற்றித்தான் பேசுகிறது. எல்லாவற்றையும் பார்க்காமல் ஒரு பகுதியை மட்டும் பார்த்து மொத்தத்தைப் பற்றி முடிவுக்கு வரலாம், ஆனால் அந்த மொத்தத்தில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் தேர்வாக வாய்ப்பு இருக்க வேண்டும். ஒரு மாதத்தை அப்படியே அள்ளிப் பார்ப்பது பொதுவாக அதற்கு உதவாது.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்தானே சார்?" என்று முதலாளிகள் கேட்பார்கள். ஒரே உலையில், ஒரே தீயில் வெந்த அரிசிக்கு அது சரி. ஒரு வருடக் கணக்கு அப்படி வேகாது. ஜூலையில் கணக்காளர் மாறியிருப்பார், அக்டோபரில் தீபாவளி போனஸ் நெருக்கடி, ஜனவரியில் புது சாஃப்ட்வேர். அதனால் முதலில் பானைகளைப் பிரித்துக்கொள்கிறோம். அப்புறம்தான் ஒவ்வொன்றிலிருந்தும் எடுப்பது.

எத்தனை எடுத்தால் போதும்? 4,000 பில்கள் இருக்கின்றன, அதில் 5 சதவீதம் தப்பு என்று வைத்துக்கொள்வோம். குலுக்கல் முறையில் 60 பில்களை எடுத்தால், ஒரு தப்பும் கண்ணில் படாமல் போக 5 சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்புதான். தப்பு 2 சதவீதமாக இருந்தால் அந்த வாய்ப்பு சுமார் 30 சதவீதம் ஆகிவிடும். 4,000-இல் ஒரே ஒரு போலி பில் என்றால், என் 60-இல் அது சிக்க 1.5 சதவீத வாய்ப்பே உண்டு. பரவலாக நடக்கிற தவறைத்தான் சாம்பிள் நன்றாகப் பிடிக்கும். ஆடிட் முடிந்துவிட்டது என்றால் ஒவ்வொரு பில்லையும் ஆடிட்டர் பார்த்துவிட்டார் என்று நம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ரூபாயை வைத்தும் தேர்ந்தெடுக்கலாம். கொள்முதல் 6 கோடி, 60 சாம்பிள் வேண்டும் என்றால், ஒவ்வொரு 10 லட்சத்துக்கும் ஒரு ரூபாய். 10 லட்சத்துக்குள் ஓர் எண்ணைக் குலுக்கிப் போட்டு 3,70,000 வந்தால் பில் தொகைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், 3,70,000-ஆவது ரூபாய் எந்த பில்லில் விழுகிறதோ அதை எடுப்போம். அடுத்து 13,70,000-ஆவது ரூபாய். 10 லட்சமோ அதற்கு மேலோ உள்ள பில் எதுவும் இதில் தப்பாது. தொகையைக் குறைத்துக் காட்டிய பில்தான் தப்பிவிட வாய்ப்பு அதிகம்.

அதைவிட முக்கியம், எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கிறோம் என்பது. விற்பனைப் பதிவேட்டிலிருந்து ஆயிரம் பில் எடுத்தாலும் பதிவாகாத விற்பனை ஒன்றுகூட அதில் கிடைக்காது. அதற்குக் கேட் ரிஜிஸ்டரிலிருந்தும், சரக்கோடு போகிற டெலிவரி சலானிலிருந்தும் தொடங்கிப் பதிவேட்டுக்கு வர வேண்டும். குடோனிலும் அப்படியே. புத்தகத்தில் இருக்கிற சரக்கு தரையில் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு வேலை. தரையில் இருக்கிறது புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்பது வேறு வேலை.

சில விஷயங்களில் சாம்பிளே கூடாது என்பது என் கருத்து. வங்கி இருப்பு அதில் முதலாவது. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், ரொக்கம், வங்கி இருப்பு என்று கணக்கில் காட்டியதில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றார். வங்கியிடமிருந்து உறுதிக் கடிதம் பெறும் நடைமுறையைத் தணிக்கையாளர்கள் சரியாகச் செய்யவில்லை என்று அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2011-இல் நடவடிக்கை எடுத்தது. நாங்கள் வங்கிக்கு நேராக எழுதி, பதில் நேராக எங்களுக்கே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். தயவுசெய்து அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. நான் சொன்ன நம்பர் பில் கிடைக்கவில்லை என்றால், "வேற நம்பர் சொல்லுங்க சார்" என்று கேட்காதீர்கள். கேன்சல் ஆன பில் என்று காட்டினால் மாற்று எடுக்கலாம். காணவில்லை என்றால், வேறு வழியில் சரிபார்க்க முடியாதவரை அது தப்பாகவே எண்ணப்படும்.

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்க எண்களை மாற்றியிருக்கிறேன். ஜாப் வொர்க் செலவு, அதாவது வெளியாரிடம் கொடுத்துச் செய்வித்த வேலைக்கான கூலி, 6 கோடி, 2,400 பில்கள். 60 பில்களை எடுத்தேன், மொத்தம் 15 லட்சம். இரண்டில், சலானில் இருந்த பீஸ் எண்ணிக்கையைவிட பில்லில் கூடுதல். வித்தியாசம் 15,000 ரூபாய்.

"பதினஞ்சாயிரம்தானுங்க சார், டெபிட் நோட் போட்டா முடிஞ்சுது" என்றார் முதலாளி, கூடுதல் தொகையைக் கழித்துக்கொள்ளும் சீட்டைச் சொல்லி. 15 லட்சத்தில் 15,000 என்றால் 1 சதவீதம். அதே விகிதம் 6 கோடிக்கு 6 லட்சம் என்று கால்குலேட்டரில் போட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இது தனித்த தப்பு என்று ஒதுக்கவேண்டுமானால், வேறெங்கும் இல்லை என்று ஏறக்குறைய நிச்சயமாகத் தெரிய வேண்டும். அதற்கு இன்னும் பார்த்தாக வேண்டும். இரண்டு பில்களுமே செப்டம்பருக்குப் பிந்தையவை. சலானோடு பில்லை ஒப்பிட்டுப் பார்த்த ஊழியர் அப்போதுதான் வேலையை விட்டிருந்தார், அந்த இடம் காலியாகவே இருந்தது. அந்த மாதங்களிலிருந்து மட்டும் மேலும் 60 எடுத்தேன். இன்னும் நான்கு சிக்கின.

அப்புறம் முதலாளியே இரண்டு பேரை உட்காரவைத்து அந்த மாதங்களின் எல்லா பில்களையும் சலானோடு ஒப்பிடச் சொன்னார். ஜூனில் புது ஆளைப் போட்டுவிட்டார். இந்த வருட பில்களை அவர் சேர்வதற்கு முன், பின் என்று இரண்டாகப் பிரித்துத்தான் எடுக்கப் போகிறேன்.