மெத்தனால்ல ஓடுற போன் வரப்போகுதுன்னு காசு போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

போன வாரம் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். கையில ஒரு பிரிண்ட் அவுட், அதுல ஒரு கிராஃப், இடது பக்கம் தரையோட தரையா கிடக்குற கோடு வலது பக்கம் போகப்போக மலை மாதிரி ஏறுது. "தம்பி, இது மைக்ரோ ஃப்யூவல் செல் மார்க்கெட்டாம், மெத்தனால்ங்கிற ஆல்கஹாலை ஊத்தினா கரண்ட் கொடுக்குற குட்டிக் கருவியாம், இன்னும் அஞ்சாறு வருஷத்துல போன், லேப்டாப் எல்லாமே இதுலதான் ஓடுமாம், ஒரு கம்பெனில பங்கு வாங்கலாம்னு இருக்கேன், நீங்க இதே ஃபீல்டுல இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னார். எவ்வளவு போடப்போறீங்க ஐயான்னு கேட்டேன். ரிட்டயர் ஆனப்போ கைக்கு வந்த பணத்துல பாதிக்கு மேல! எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

இந்த வருஷத்துல இப்படி வர்ற அஞ்சாவது ஆள் இவர். இதுக்கு முன்னாடி வேலையை விட்டுட்டு ஸ்டார்ட்அப் ஆரம்பிக்கப்போறோம்னு ரெண்டு பசங்க, அப்புறம் பவர் பேங்க் வியாபாரம் பண்ற ஒருத்தர், அதுக்கப்புறம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்னு ஒரு மாணவர். எல்லார் கையிலயும் இதே மாதிரி ஒரு கிராஃப். ஒவ்வொருத்தருக்கா ரெண்டு மணி நேரம் உக்காந்து விளக்கி விளக்கி சலிச்சுப் போச்சு, அதான் மொத்தமா எழுதிடுறேன்.

ஒண்ணு சொல்லிடுறேன், நான் இந்தத் தொழிலுக்கு எதிரி இல்ல. பதினஞ்சு வருஷமா ஃப்யூவல் செல்லுக்குள்ள இருக்குற மெம்பரேனும் (மெல்லிய சவ்வு) கேட்டலிஸ்ட்டும் (வினையைத் தூண்டுற உலோகப் பூச்சு)தான் எனக்கு சோறு போடுது. ஃப்யூவல் செல் எப்படி வேலை செய்யுதுன்னு இங்க பாடம் எடுக்கப் போறதில்ல, ஒரு பக்கம் மெத்தனால், ஒரு பக்கம் காத்து, நடுவுல மெம்பரேன், கரண்ட் வரும், அவ்வளவு தெரிஞ்சா போதும். என் கோபமெல்லாம் ஒரே ஒரு நம்பர் மேலதான்.

அந்த நம்பர் இதுதான். ஒரு கிலோ மெத்தனால்ல சுமார் 5,500 வாட்-அவர் எனர்ஜி இருக்கு. ஒரு கிலோ நல்ல லித்தியம் அயன் செல்லுல 250 வாட்-அவர். வகுத்துப் பார்த்தா 20 மடங்குக்கு மேல. உடனே "ஒரு தடவை ஊத்தினா போன் மாசக்கணக்குல ஓடும், லித்தியம் கதை முடிஞ்சுது"ன்னு முடிவு பண்ணிடுறாங்க. எந்த ரிப்போர்ட்டை எடுத்தாலும் முதல் பக்கத்துல இது இருக்கும். நம்பர் பொய் இல்லங்க. ஆனா அது எரிபொருளோட நம்பர், மெஷினோட நம்பர் இல்ல. பெட்ரோல் கேனைக் கையில வச்சுக்கிட்டு இதுதான் என் வண்டின்னு யாராவது சொல்வாங்களா? பேட்டரின்னா அதுவே டேங்க், அதுவே இன்ஜின். ஃப்யூவல் செல்லுல டேங்க் வேற, இன்ஜின் வேற, டேங்க்கை மட்டும் எடை போட்டுட்டு ரெண்டையும் சேர்த்த பேட்டரியோட ஒப்பிட்டா அந்தக் கணக்கு எப்படி சரியா வரும்?

சரி, முழுசாவே போட்டுப் பார்ப்போம். மெத்தனால் செல்லுக்கு ஏட்டுல வோல்டேஜ் 1.21. லோடு கொடுத்தா நடைமுறைல 0.3லிருந்து 0.5க்குள்ள வந்து உக்காந்துக்கும். போதாததுக்கு மெத்தனால் மெம்பரேன் வழியாவே கசிஞ்சு அந்தப் பக்கம் போய் கரண்ட் கொடுக்காம வீணா எரியுது, இதைக் குறைக்கத்தான் எங்க ஃபீல்டுல பாதிப் பேர் ஆயுசைக் கொடுத்திருக்காங்க. எல்லாம் போக கையில நிக்கிறது 20லிருந்து 30 சதவீதம். நம்பலைன்னா ஜெர்மனில எஸ்எஃப்சி எனர்ஜிங்கிற கம்பெனி கேம்பர் வண்டிகளுக்காக (உள்ளயே தங்கி டூர் போற வேன்) விக்கிற எஃபாய் மெஷினைப் பாருங்க, இந்தத் துறையில நிஜமா வித்து, நிஜமா ஓடுற பொருள்னா அதுதான். 10 லிட்டர் மெத்தனால் கேன்ல 11.1 கிலோவாட்-அவர் கிடைக்கும்னு அவங்களே போட்டிருக்காங்க. 10 லிட்டர்ல உள்ள மொத்த எனர்ஜி கிட்டத்தட்ட 44 கிலோவாட்-அவர். கால்வாசி. அதாவது லிட்டருக்கு 1,100 வாட்-அவர் சொச்சம். நல்ல லித்தியம் செல் லிட்டருக்கு 600லிருந்து 700 வாட்-அவர் கொடுக்குது. போன்ல நம்மகிட்ட இல்லாதது இடம்தானே, எடையைவிட இடம்தானே முக்கியம்? அந்த 20 மடங்கு, இடத்தால அளந்தா ரெண்டு மடங்கு கூட இல்ல, அதுவும் செல், பம்ப், ஃபேன், எலக்ட்ரானிக்ஸ்னு மெஷினை இன்னும் சேர்க்கவே இல்ல. எஃபாயோட 40 வாட் மாடலே ஆறேழு கிலோ.

அடுத்தது வேகம், அதாவது ஒரே நேரத்துல எவ்வளவு பவர் கொடுக்கும்ங்கிறது. பம்ப், ஃபேன் எதுவும் இல்லாம தானா காத்தை இழுத்துக்குற சின்ன செல் ரூம் டெம்பரேச்சர்ல சதுர சென்டிமீட்டருக்கு சில பத்து மில்லிவாட்தான் கொடுக்கும். 25ன்னு வச்சுக்குவோம். 5 வாட் வேணும்னா 200 சதுர சென்டிமீட்டர். இன்னைக்கு போன் சார்ஜர்ல சர்வ சாதாரணமா இருக்கிற 20 வாட் வேணும்னா 800 சதுர சென்டிமீட்டர், ஏ4 தாளே 624தான் வரும். இதை மடிச்சு மடிச்சு உள்ள வைக்கவும் முடியாது, ஒவ்வொரு செல்லுக்கும் காத்து படணும், பேண்ட் பாக்கெட்டுல போட்டா மூச்சுத் திணறி நின்னுடும். இதுல ரெண்டு எலக்ட்ரோடுலயும் பிளாட்டினம் வேற, ஆனோட்ல (மெத்தனால் பக்கத்து எலக்ட்ரோடு) கூடவே ருத்தீனியம், சதுர சென்டிமீட்டருக்கு சில மில்லிகிராம், ஹைட்ரஜன் கார்ல போடுறதைவிடப் பல மடங்கு அதிகம். ஏரியா கூடக்கூட விலை எங்க போகும்னு நீங்களே பாருங்க.

வெப்பத்தையும் தண்ணியையும் பத்தி எந்த ரிப்போர்ட்டும் பேசுறதே இல்ல. நாலுல ஒரு பங்குதான் கரண்ட்னா மிச்சம் மூணு பங்கு சூடு. 5 வாட் எடுத்தா 15 வாட் சூடு கையில. 1 மில்லி மெத்தனால் செலவானா கிட்டத்தட்ட 0.9 மில்லி தண்ணி வெளிய வரும், அதை போன் மாதிரி பொருள்ல எங்க விடுவீங்க? இதையெல்லாம் டெஸ்ட் பெஞ்ச்ல உக்காந்து தினம் துடைக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

இப்போ அந்த கிராஃபுக்கு வருவோம். இந்தக் கோடு இன்னைக்கு வரைஞ்சது இல்ல. 2003ல தோஷிபா, என்இசி ரெண்டு பேரும் மெத்தனால்ல ஓடுற லேப்டாப் மாதிரிகளைக் காட்டினாங்க, அடுத்த ஒண்ணு ரெண்டு வருஷத்துல கடைக்கு வரும்னு பேச்சு. 2004ல தோஷிபா 8.5 கிராம் எடைல, 100 மில்லிவாட் கொடுக்குற குட்டி செல்லைக் காட்டினாங்க, 2 மில்லி மெத்தனால்ல ஒரு எம்பி3 ப்ளேயர் 20 மணி நேரம் ஓடும், அது உண்மையிலேயே அழகான இன்ஜினியரிங், இன்னைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தா எனக்கு சிலிர்க்கும். ஆனா கடைக்கு வந்தது 2009 அக்டோபர்ல, டைனாரியோன்னு ஒரு சார்ஜர், 29,800 யென், ஜப்பான்ல மட்டும், மொத்தமே 3,000 பீஸ். 280 கிராம் எடை, 14 மில்லி டேங்க், உள்ளயே துணைக்கு ஒரு லித்தியம் பேட்டரி வேற. அந்தக் காலத்து போனை ரெண்டு தடவை சார்ஜ் பண்ணும். இன்னைக்கு அதைவிட எடை குறைஞ்ச 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் அதே போனை ஏழெட்டு தடவை சார்ஜ் பண்ணிடும்னு என் கணக்கு. டைனாரியோவுக்கு அப்புறம் அந்த வரிசை வளரவே இல்ல.

மத்தவங்களும் அப்படித்தான். மெம்பரேன் கம்பெனி பாலிஃப்யூவல் 2009ல சொத்தை வித்துட்டுப் போச்சு. எம்ஐடில இருந்து கிளம்பின லில்லிபுஷியன், மெத்தனாலுக்குப் பதிலா பியூட்டேன், 299 டாலருக்கு சார்ஜர்னு 2013ல காட்டினாங்க, 2014ல கடையைச் சாத்திட்டாங்க. அதே 2014ல பிரிட்டன்ல இன்டெலிஜென்ட் எனர்ஜி ஹைட்ரஜன் கார்ட்ரிட்ஜ் (எரிபொருள் அடைச்ச, மாத்திக்கிற டப்பா) போட்ட சார்ஜரை வித்துப் பார்த்துட்டு, ஓரிரு வருஷத்துல அந்தப் பக்கத்தை விட்டுட்டு ட்ரோன் மாதிரி வேலைகளுக்குப் போயிட்டாங்க. இவங்க யாருமே ஏமாத்துக்காரங்க இல்ல. நல்ல நல்ல மூளைகள். நகர்ற இலக்கைத் துரத்தினாங்க, அவ்வளவுதான். இவங்க ஓடிக்கிட்டு இருந்த அதே நேரத்துல லித்தியம் பேட்டரி பேக் விலை 2010ல கிலோவாட்-அவருக்கு 1,000 டாலருக்கு மேல இருந்தது 2024ல 115 டாலருக்கு வந்துடுச்சு.

நிறைய பேர் விமானத்துல விடமாட்டாங்க, அதான் இது வரலைன்னு நம்புறாங்க. தப்பு. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓவோட விதிகள் 2007 ஜனவரியிலிருந்தே மெத்தனால் கார்ட்ரிட்ஜை கேபின்ல கொண்டுபோக வழி விட்டுடுச்சு, ஒண்ணுக்கு 200 மில்லி வரைக்கும், ஸ்பேர் ரெண்டு. பாதுகாப்புக்கு சர்வதேச மின் தர அமைப்பான ஐஇசியோட 62282-6 வரிசைல தனி ஸ்டாண்டர்டே இருக்கு. கதவு திறந்துதான் இருந்தது, உள்ள போகத்தான் சரக்கு இல்ல. அதைவிடப் பெரிய தடை கார்ட்ரிட்ஜ்தான். சுவத்துல பிளக் பாயின்ட் இருக்கும்போது காசு கொடுத்து கார்ட்ரிட்ஜ் வாங்குறதுக்கு ஒருத்தருக்கு என்ன அவசியம்? வாங்க நினைக்கிறவருக்கும் பக்கத்துக் கடைல கிடைக்காது, கிடைக்காததால யாரும் கேக்க மாட்டாங்க, யாரும் கேக்காததால கடைக்காரர் வைக்க மாட்டார்.

அப்போ மார்க்கெட்டே இல்லையான்னு கேட்டா, இருக்கு, வேற இடத்துல. 2008ல அமெரிக்க ராணுவத் துறை ஒரு போட்டி வச்சாங்க, 20 வாட், 96 மணி நேரம், மொத்த எடை 4 கிலோவுக்குள்ள. பெருக்கிப் பாருங்க, 1,920 வாட்-அவர். பேக்கா கட்டின லித்தியம் கிலோவுக்கு 200ன்னு எடுத்தா கூட 9 கிலோவைத் தாண்டும். 10 லட்சம் டாலர் முதல் பரிசு டூபாண்ட், எஸ்எஃப்சி கூட்டணிக்குப் போச்சு, மெத்தனால் ஃப்யூவல் செல்லுதான். சூட்சுமம் இதுதாங்க: கம்மியான வாட், ரொம்ப நீண்ட நேரம், பக்கத்துல பிளக் பாயின்ட் இல்ல. காட்டுக்குள்ள இருக்குற கண்காணிப்பு கேமரா, வானிலைக் கருவி, கேம்பர் வண்டி, சிப்பாய் முதுகுப் பை. இங்கெல்லாம் மெஷினோட எடை ஒரு தடவைதான், நாள் கூடக்கூட ஏத்த வேண்டியது எரிபொருள் மட்டும்தான். தினமும் ராத்திரி சார்ஜ்ல போடுற போனுக்கு இந்த லாபம் வரவே வராது.

அதனால ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது காசு கேட்டா முதல்ல "மைக்ரோ"ன்னா எதைச் சொல்றீங்கன்னு கேளுங்க, அந்த ஐஇசி ஸ்டாண்டர்ட்ல 60 வோல்ட், 240 வாட் வரைக்கும் மைக்ரோதான், சிப்பாய் பையும் அதுக்குள்ள அடங்கும், அதை எண்ணிட்டு பக்கத்துல போன் படம் போட்டிருப்பாங்க. எரிபொருள், மெஷின், துணை பேட்டரி எல்லாம் சேர்த்த எடை எவ்வளவு, இடம் எவ்வளவு, எத்தனை வாட், எத்தனை மணி நேரம்னு நாலு நம்பரை எழுத்துல வாங்குங்க. ஆயிரம் மணி நேரம் ஓடினதுக்கு அப்புறம் எவ்வளவு பவர் மிச்சம்னு வெளி லேப் ரிப்போர்ட் கேளுங்க. கார்ட்ரிட்ஜை யார் செய்வாங்க, யார் விப்பாங்கன்னு கேளுங்க. பதில் சொல்லாம வீடியோ காட்டினா எழுந்து வந்துடுங்க. தண்ணி ஊத்தினா போன் ஓடும்னு யாராவது சொன்னா அங்க உக்காரவே உக்காராதீங்க, பவர்ட்ரெக் மாதிரி சார்ஜர்ல எனர்ஜி இருந்தது சோடியம் சிலிசைட் பொடில, தண்ணி எரிபொருள் இல்ல.

மாணவர்களுக்கு மட்டும் தனியா ஒரு விஷயம், இதைக் கெஞ்சித்தான் கேக்குறேன். மேல சொன்ன அந்த மாணவர் லேப் மெத்தனாலைக் குடிதண்ணி பாட்டில்ல ஊத்தி, லேபிள் கூட ஒட்டாம, காலேஜ் பையில போட்டு என் மேஜை மேல கொண்டு வந்து வச்சார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்ல. பார்க்க தண்ணி மாதிரிதான் இருக்கும். 10 மில்லி உள்ள போனாலே கண் பார்வை போகலாம், அதுக்கு மேல போனா உயிரே போகலாம், அறிகுறி தெரிய பல மணி நேரம் ஆகும், அதுக்குள்ள உள்ள ஃபார்மிக் ஆசிடா மாறி கண் நரம்பை அரிச்சுட்டு இருக்கும். யாராவது தெரியாம குடிச்சுட்டா நல்லாத்தானே இருக்கார்னு காத்திருக்காதீங்க, மெத்தனால்னு பேர் சொல்லி உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, மாத்து மருந்து இருக்கு, நேரம்தான் முக்கியம். தோல் வழியாவும் உள்ள போகும், கையுறை போடுங்க. 11, 12 டிகிரிலயே தீப்பிடிக்கிற ஆவி விடும், பகல் வெளிச்சத்துல அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. தீர்ந்த கார்ட்ரிட்ஜை வீட்டுல திறந்து ரீஃபில் பண்ணவே பண்ணாதீங்க ப்ளீஸ்.

பெரியவர்கிட்ட அந்த லிட்டர் கணக்கையும் ஏ4 தாள் கணக்கையும் அவர் கொண்டு வந்த கிராஃபுக்குப் பின்னாடியே எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசாம பார்த்துக்கிட்டு இருந்தார். அப்புறம், "இதை எனக்கு அனுப்புனது என் மாப்பிள்ளைதான், தம்பி, அவரும் போடப்போறார், நான் சொன்னா கேக்க மாட்டார், நீங்களே ஒரு போன் பண்ணிடுங்களேன்"னார். அன்னைக்கு சாயங்காலமே பண்ணினேன், முக்கால் மணி நேரம் பேசினோம். முதல்ல கொஞ்சம் முறைப்பாத்தான் பேசினார், கடைசில அந்த நாலு நம்பரையும் கேட்டு கம்பெனிக்கு மெயில் போடுறேன்னு சொன்னார். போட்டுட்டார். இன்னும் பதில் வரல.