ரத்தம் ஏன் டி.பி.யைக் காட்டிக் கொடுப்பதில்லை?

ரத்தத்தில் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடல் செய்யும் புரதம்) இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை எலைசா. அதன் தட்டு உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. எட்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு என்று 96 சிறு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் காசநோய்க் கிருமியின் புரதம் கண்ணுக்குத் தெரியாத பூச்சாக ஒட்டியிருக்கும். நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) நீர்க்கச் செய்து குழியில் விட்டு, சற்று நேரம் வைத்திருந்து, கழுவி ஊற்றுவார்கள். அந்தப் புரதத்தை அடையாளம் தெரிந்த ஆன்டிபாடி சீரத்தில் இருந்தால், அது மட்டும் கழுவலுக்கு அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்து, மனித ஆன்டிபாடியைப் பற்றிக்கொள்ளும் இன்னொரு ஆன்டிபாடி. அதன் முதுகில் ஒரு நொதி. மறுபடி கழுவல். கடைசியாக நிறம் தரும் திரவத்தை விட்டால் குழி நீலமாகும், அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ, அவ்வளவு ஆன்டிபாடி.

எச்.ஐ.வி.யைக் கண்டுபிடிக்க இதே முறை மிக நன்றாக உதவுகிறது. அந்த வைரஸ் ஒருமுறை உடலுக்குள் வந்துவிட்டால் தானாகப் போவதில்லை. ஆகவே ஆன்டிபாடி இருக்கிறதென்றால் வைரசும் இருக்கிறது. டி.பி.யில் இந்தக் கணக்கு பலிப்பதில்லை.

காரணம் கிருமி குடியிருக்கும் இடம். நுரையீரலுக்குள் நுழையும் கிருமியை மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல் விழுங்குகிறது. விழுங்கிய செல்லுக்கு அதைச் செரிக்க முடிவதில்லை. கிருமி உள்ளேயே தங்கிப் பெருகுகிறது. ஆன்டிபாடியோ ரத்தத்திலும் திசு நீரிலும் திரிவது. செல்லுக்குள் பதுங்கியிருப்பதை அதனால் எளிதில் நெருங்க முடியாது. இந்த நோயில் முக்கியமான சண்டையைப் போடுவது டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள். எனவே நெஞ்சு முழுக்க நோய் பரவிய சிலருக்கும் ரத்தத்தில் ஆன்டிபாடி சொற்பமாகவே இருக்கும். எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் இன்னும் குறையும்.

மறுபக்கம், நோயே இல்லாதவரிடம் ஆன்டிபாடி இருக்கலாம். இந்தியாவில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உடலில் இந்தக் கிருமி எப்போதோ நுழைந்த தடயம் இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க நோய் வருவதில்லை. பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசியில் இருப்பது இந்தக் கிருமியின் நெருங்கிய உறவு. மண்ணிலும் தண்ணீரிலும் இதன் ஒன்றுவிட்ட சொந்தங்கள் நிறைய உண்டு. எல்லோருக்கும் பொதுவான புரதங்கள் இருப்பதால், ஒன்றுக்காக உண்டான ஆன்டிபாடி இன்னொன்றின் மேலும் ஒட்டும்.

இதை எண்ணிக்கையில் பார்த்தால்தான் உறைக்கும். அதிகம் ஆராயப்பட்ட ஒரு கிட், சளியிலேயே கிருமி தெரிந்த நோயாளிகளில் 100க்கு 76 பேரைப் பிடித்தது. நோயில்லாதவர்களில் 92 பேரைச் சரியாக விலக்கியது. கிட்டுக்குச் சாதகமான இந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். நாள்பட்ட இருமலோடு 1000 பேர் வருகிறார்கள், அவர்களில் 100 பேருக்கு டி.பி. என்று வையுங்கள். கிட் 76 பேரைப் பிடிக்கும், 24 பேரை வீட்டுக்கு அனுப்பும். நோயில்லாத 900 பேரில் 72 பேருக்கு ‘பாசிட்டிவ்’ சொல்லும். பாசிட்டிவ் சீட்டு வாங்கியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் ஆறு மாதம் வீணாக மாத்திரை விழுங்குவார்கள். அந்த 24 பேரோ தெரியாமலே வீட்டில் உள்ளவர்களுக்குப் பரப்புவார்கள். எனக்கு அதிகம் வலிப்பது இந்த இரண்டாவது கூட்டம்.

ரத்தத்தில் டி.பி.யைத் தேடும் ஆசை பழையது. ராபர்ட் கோக் 1882இல் கிருமியைக் கண்டுபிடித்தார்; 1898இலேயே பிரான்சில் சீரம் சோதனையை முயன்று பார்த்துவிட்டார்கள். ஆசையில் நியாயமும் உண்டு. சின்னக் குழந்தைக்குச் சளியை இருமித் துப்பத் தெரியாது. முதுகெலும்பிலோ நிணநீர்க் கட்டியிலோ டி.பி. வந்தவருக்குச் சளியே இருக்காது. ஒரு விரல் ரத்தத்தில் விடை கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அந்த ஏக்கத்தின் மேல்தான் வியாபாரம் வளர்ந்தது. இந்தியத் தனியார் லேப்களில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் சோதனைகள் நடந்ததாக ஒரு மதிப்பீடு. பல கிட்கள் மேலை நாடுகளில் தயாராகி, அந்த நாடுகளே பயன்படுத்தாமல், இங்கே வந்தவை. 2011 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னது. 2012 ஜூனில் இந்திய அரசு இறக்குமதி, தயாரிப்பு, விற்பனை எல்லாவற்றையும் தடை செய்தது. இன்றும் யாராவது ‘டி.பி. ஐ.ஜி.ஜி.’ (ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடியின் ஒரு வகை) என்று எழுதிய ரிப்போர்ட்டை நீட்டினால், அதை வைத்து மாத்திரை தொடங்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. சளிப் பரிசோதனை கேளுங்கள்.

இப்போது அரசு மருத்துவமனைகளில் இருக்கும் சிபிநாட், ட்ரூநாட் கருவிகள் சளியில் கிருமியின் டி.என்.ஏ.வையே தேடுகின்றன. சில மணி நேரத்தில் விடை. டி.பி.க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா கட்டுப்படாதா என்பதும் தெரிந்துவிடும்.

அப்படியானால், மாத்திரை வேலை செய்கிறதா என்பதையாவது ஆன்டிபாடி சொல்லுமா? நோய் குறையக் குறைய அதுவும் குறையும் என்றுதான் மனம் நினைக்கும். நடப்பது வேறு. மாத்திரை தொடங்கியதும் கிருமிகள் கூட்டமாகச் சாகின்றன. உடைந்த கிருமியின் புரதங்கள் வெளியே கொட்டுகின்றன. அதுவரை செல்லுக்குள் ஒளிந்திருந்ததெல்லாம் இப்போது பார்வைக்கு வர, உடல் புதிதாக ஆன்டிபாடி செய்யத் தொடங்குகிறது. குணமாகிக்கொண்டிருப்பவருக்கு அளவு ஏறும்! பிறகு இறங்குவதும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு சிகிச்சை முடிந்த பின்னும் மாதக்கணக்கில் நிற்கும்.

டி.என்.ஏ. கருவியும் இங்கே கை கொடுக்காது. செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் அதற்கு டி.என்.ஏ.தான். அதனால் சிகிச்சையைக் கண்காணிக்க இன்றும் பழைய வழிதான்: உடல் எடை ஏறுகிறதா என்று பார்ப்பது; முதல் இரண்டு மாதம் முடிந்ததும், பிறகு கடைசியிலும், சளியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது; தேவைப்பட்டால் அதை வளர்ப்பு ஊடகத்தில் வைத்து உயிருள்ள கிருமி முளைக்கிறதா என்று வாரக்கணக்கில் காத்திருப்பது. காலையில் எழுந்து, வாய் கொப்பளித்துவிட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியாக இருக்க வேண்டும். வெறும் எச்சில் போதாது.